தனியாக எல்க் வேட்டைக்குப் போகிறவருக்கான சுமைப்பை: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், வெட்டிப் பிரித்த இறைச்சியை முதுகில் சுமந்து இறக்குவதற்குப் பயன்படுத்தும் சட்டகப் பை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கொலராடோவில் வசித்துக்கொண்டு, பெரும்பாலும் துணையின்றி, கொம்புக்காக அல்லாமல் கறிக்காகவே காட்டுக்குள் போகிறவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தப் பையை எடைபோட்டேன். விலங்கு விழுந்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை, கறியும் கெடாமல் முழங்காலும் கெடாமல், ஓர் ஆள் தன்னந்தனியாக முழு விலங்கையும் கொண்டுவந்து சேர்க்க இது உதவுகிறதா என்பதே அந்தக் கேள்வி. உதவுகிறது, ஆனால் விற்கிறவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஒரே நடையில் 50 கிலோவுக்கு மேல் சுமக்கலாம் என்பதுதான் இவ்வகைப் பைகளுக்கு வழக்கமாகச் செய்யப்படும் விளம்பரம். தனி ஆளுக்கு அந்த எண்ணால் பயன் ஏதுமில்லை. 25 கிலோவிலிருந்து 30 கிலோ வரை ஏற்றும்போது பை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் பைகளைச் செய்யும் நிறுவனங்கள் இங்கே பல உண்டு. அவற்றுக்கிடையே அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. தவிர, நான் கீழே சொல்லும் குறைகளில் சில என் கைக்கு வந்த பைக்கு மட்டுமே உரியவையாகவும் இருக்கலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள இந்தியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேட்டை என்ற சொல்லே குற்றமாக ஒலிக்கலாம். இங்கே அது உரிமத்தோடும், பருவத்தோடும், ஒரு விலங்குக்கு ஒரு சீட்டு என்ற கணக்கோடும் மாநில வனவிலங்குத் துறை நடத்தும் ஏற்பாடு. 1949 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள், வேட்டைக் கல்வியில் தேறாமல் கொலராடோவில் பொதுவாக உரிமம் வாங்க முடியாது.

வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ எடையிருக்கும்; பெண் 225 கிலோ அளவில் இருக்கும். தோல், குடல், தலை, எலும்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரிய ஆணிலிருந்து 90 கிலோவுக்குக் குறையாமல் கறி கிடைக்கலாம். அதில் பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டு வர முடியாது. நான்கு கால் பகுதிகள், முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் முதுகுக்கறி, அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சதை ஆகியவற்றையாவது உணவுக்கு எடுத்தே தீர வேண்டும் என்கிறது கொலராடோ சட்டம். கொம்பையும் தோலையும் மட்டும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டுப் போவது இங்கே கடுங்குற்றம். அலாஸ்காவில் இன்னும் ஒருபடி மேலே போய், கறி முழுவதும் வெளியேறும் முன் கொம்பை அந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேட்டை விதி அதுதான்.

ஆகவே, எத்தனை நடை என்பதே தனி ஆளின் கணக்கு. விலங்கு விழுந்த இடம் சாலையிலிருந்து 3 கி.மீ. தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோ கறியை நான்கு நடையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 22.5 கிலோ. நான்கு முறை சுமையோடு இறங்க வேண்டும், மூன்று முறை வெறும் பையோடு ஏற வேண்டும். ஆக 21 கி.மீ. மூன்று நடையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 கிலோ; மொத்தம் 15 கி.மீ. இரண்டே நடை என்றால் 45 கிலோ வீதம் 9 கி.மீ.தான். காகிதத்தில் கடைசிக் கணக்கு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இறைச்சியின் எடையோடு பையின் எடை, தண்ணீர், குளிராடை, துப்பாக்கி எல்லாம் சேரும்போது எட்டு ஒன்பது கிலோ கூடிவிடும். 3,000 மீட்டர் உயரத்தில், சாய்ந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, 55 கிலோவோடு இறங்குகிற ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் தூக்கிவிட ஆள் கிடையாது. அதனால்தான் பையின் அதிகபட்சத் திறனைப் பற்றிய பேச்சு எனக்குப் பொருளற்றதாகத் தோன்றுகிறது. 22 கிலோவுக்கும் 30 கிலோவுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை உடல் உணராதபடி செய்கிற பை கிடைத்தால், நான்கு நடை மூன்றாகும், 6 கி.மீ. மிச்சமாகும். இந்தப் பை அதைச் செய்கிறது.

எப்படிச் செய்கிறது என்பதற்கு அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். சாதாரண மலையேற்றப் பையில் பொருளெல்லாம் ஒரே உறைக்குள் போகும். கனமான பொருள் அடியில் தங்கி முதுகைப் பின்னோக்கி இழுக்கும். இதில் சட்டகம் தனி, பை தனி. 26 அங்குல உயரமுள்ள கார்பன் இழைச் சட்டகத்தின் மீது பை வார்களால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கிறது. வார்களைத் தளர்த்தினால் பை சட்டகத்திலிருந்து விலகி, நடுவே ஓர் இடைவெளி திறக்கும்; அடியில் சிறிய தட்டு போன்ற துணிப்பகுதி ஒன்று தாங்கும். கறி மூட்டை அந்த இடைவெளியில், முதுகை ஒட்டி உட்காரும். அதற்கு வெளியே பை இறுகி மூடிக்கொள்ளும். நம் உடைமைகள் பைக்குள்ளேயே இருப்பதால் இரத்தம் அவற்றைத் தொடாது. 1952இல் அமெரிக்கப் பை வடிவமைப்பாளர் டிக் கெல்ட்டி தன் வீட்டிலிருந்து செய்து விற்ற அலுமினியச் சட்டகப் பைகளின் கொள்கையும், சுமையைச் சட்டகத்தின் மேல் நிறுத்தி இடுப்புக்கு இறக்குவதுதான். அந்தச் சட்டகம் முதுகிலிருந்து தள்ளி நின்றது. இது முதுகின் வளைவோடு ஒட்டி வளைகிறது என்பதே வித்தியாசம்.

இடுப்புப் பட்டை இதன் உயிர். தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படித்தான் முதுகுச் சுமைக்கு இது. சரியாக உட்கார்ந்தால் எடை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும், ஒரு விரல் அளவு விலகினாலும் ஒவ்வொரு அடியும் தண்டனை. தோள்வார்களின் உச்சியிலிருந்து சட்டகத்தின் மேல்நுனிக்குப் போகும் சிறிய இழுவார்களை இறுக்கும்போது, தோளின் மேல் அழுத்திக்கொண்டிருந்த பாரம் எழும்பி இடுப்புக்கு இறங்குவதைத் தெளிவாக உணரலாம். சட்டகம் தோளைவிட உயரமாக இருந்தால்தான் இந்த வார்கள் வேலை செய்யும். நான் சராசரித் தமிழ் உயரம். எனக்கு 26 அங்குலம் போதும். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் சட்டகத்தை உயர்த்தும் நீட்டுக் கழிகளையும் சேர்த்து வாங்குவது நல்லது.

பையின் அருமை, கறியைக் கட்டும் விதத்தைப் பொறுத்தது. குடலைத் திறக்காமல் பிரிக்கும் முறைதான் தனி ஆளுக்கு ஏற்றது. விலங்கு ஒருக்களித்துக் கிடக்கும்போதே முதுகுத்தண்டை ஒட்டித் தோலைக் கீறி, மேல்பக்கத்து முன்னங்கால், பின்னந்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி ஆகியவற்றை எடுத்துவிட்டு, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுச் சதையையும் உருவிக்கொள்ள வேண்டும். பிறகு உடலைப் புரட்டி மறுபக்கம். இரண்டாவது ஆள் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் தனி ஆளுக்கு ஒரு கயிறுதான் துணை. குளம்புக்கு மேலே கட்டி, மேட்டுப்பக்கத்து மரத்தில் இழுத்துக் கட்டினால் தொடை விரிந்து நிற்கும்; சரிவில் உடல் உருண்டு போகாமலும் இருக்கும். அலகு மாற்றும் கத்திகள் சவரக்கத்தி போலக் கூர்மையானவை. எலும்பில் பக்கவாட்டு அழுத்தம் பட்டால் அலகு முறிந்து தெறிக்கும். தனியாக இருக்கும்போது நான் அவற்றைத் தோல் கீறுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூட்டுகளுக்குச் சாதாரண நிலையலகுக் கத்தியைத்தான் எடுக்கிறேன்.

எலும்போடு சுமப்பதா, நீக்கிச் சுமப்பதா என்பதில் வேட்டைக்காரர்களிடையே முடிவில்லாத வாதம் உண்டு. எலும்போடு இருக்கும் தொடை இறுக்கமாக நிற்கும், பையில் குழையாது, வெளிக்காற்று படும் பரப்பும் குறைவு. ஆனால் ஆண் எல்க்கின் ஒரு பின்னந்தொடை எலும்போடு 25 கிலோவைத் தாண்டும். அதில் கணிசமான பங்கு தின்னப்படாத எலும்பு. செப்டம்பர் வில்வேட்டைப் பருவத்தில் பகலில் வெயில் உறைக்கும்போது, இடுப்பு மூட்டைச் சுற்றிய சதை வெப்பத்தை வைத்துக்கொண்டு உள்ளிருந்தே புளித்துப்போகும் ஆபத்தும் உண்டு. நான் நீக்கிவிடும் கட்சி. முதுகெலும்பையும் தலையையும் காட்டிலேயே விடுவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வளர்ப்பு மான்களிடம் முதன்முதலில் கவனிக்கப்பட்ட, பிரியான் என்ற உருக்குலைந்த புரதத்தால் வரும் நாட்பட்ட மெலிவு நோய் இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அந்தப் புரதம் மிகுதியாகச் சேரும் மூளை, தண்டுவடத் திசுக்களை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. எலும்பை நீக்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. விலங்கு ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் உறுப்பு கறியோடு இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும். வழியில் வனவிலங்கு அலுவலர் கேட்டால் காட்ட வேண்டும்.

எலும்பு நீக்கிய கறியின் தொல்லை, அது மாவு போலக் குழைந்து கீழே இறங்கிவிடும் என்பது. இந்தப் பையின் தட்டு அதை ஓரளவுதான் தடுக்கிறது. எனக்குக் கைகொடுத்த வழி, காற்றுப் புகும் செயற்கை இழைத் துணிப்பைகளில் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் போடாமல், நீளவாக்கில் இறுக்கிக் கட்டி, இரண்டு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்துவது. கனமானது மேலே, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். அடிமூட்டைக்குக் கீழே குளிராடையைச் சுருட்டி வைத்தால் பாரம் உயர்ந்து நிற்கும். பிறகு கிடைவார்களை மேலிருந்து கீழாக அல்லாமல் கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கறி அடியில் தொந்தி போடும். இப்படிக் கட்டிய 28 கிலோ, இரண்டு மணி நேர இறக்கத்தில் இம்மியும் நகரவில்லை. இந்தப் பையை வாங்கியதற்கான முழு விலையும் எனக்கு அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் கறியும் கவனத்துக்குரியது. நிழலில், காற்றோட்டத்தில், மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். எலும்புக்கூடு கிடக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடமாக இருந்தால் நல்லது. கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும். அதுவும் கறிக்கு வரும். வயோமிங், மொன்டானா பகுதிகளில் கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடி உண்டு என்பதால் அங்கே திரும்பிப் போகும் ஒவ்வொரு நடையும் சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டியது.

சுமையோடு எழுந்து நிற்பதுதான் தனி ஆளுக்குக் கடினமான வேலை; பையின் அமைப்பு இங்கே பெரிதாக உதவவில்லை. சட்டகத்தின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் தரையில் தானாக நிற்க மறுக்கிறது. மேட்டுப்பக்கம் பையைச் சாய்த்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து வார்களை மாட்டி, இடுப்புப் பட்டையைப் பூட்டி, ஒருபக்கமாகப் புரண்டு முழங்காலுக்கு வந்து, நடைக்கோல்களை ஊன்றி எழ வேண்டும். இடுப்பளவு உயரத்தில் விழுந்த மரம் ஒன்று கிடைத்தால் அதன்மேல் வைத்து மாட்டுவது இன்னும் எளிது. நடைக்கோல் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். இறக்கத்தில் முழங்காலுக்கு விழும் அடியில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன.

இனி குறைகள். முதலாவது, என் பையின் இடுப்புப் பட்டையில் உள்ள இழுவார் 30 கிலோவைத் தாண்டியதும் கொக்கியில் மெல்ல நழுவியது. அரை மணிக்கு ஒருமுறை நின்று இறுக்க வேண்டியிருந்தது. நிறுவனத்துக்கு எழுதியபோது மாற்றுக் கொக்கி அனுப்பினார்கள்; நழுவல் குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாவது, சட்டகமும் பட்டையும் சேரும் இடத்தில் எழும் கிறீச்சொலி. கறியோடு இறங்கும்போது யாருக்கும் கவலையில்லை. ஆனால் அதே பையோடுதான் விடியற்காலையில் மானைத் தேடிப் போகிறோம். எல்க்கின் காது நம் காது அல்ல. மூன்றாவது, கொக்கிகள் சிறியவை. இரத்தம் உறைந்து, விரல்கள் விறைத்துப்போன அக்டோபர் இரவில் அவற்றைத் திறப்பதற்குப் பொறுமை வேண்டும்.

நான்காவது குறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குல அளவில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிற மேலுடை அணிய வேண்டும், அதில் ஒரு பகுதி எல்லாப் பக்கமிருந்தும் தெரியும் தொப்பியாக இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. இவ்வளவு உயரமான பழுப்பு நிறப் பையை மாட்டியதும் முதுகுப்பக்கத்து ஆரஞ்சு முழுவதும் மறைந்துவிடுகிறது. மானின் கறியைச் சுமந்துகொண்டு, மானின் நிறத்தில், குனிந்து நடக்கிற ஒரு மனிதனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு இன்னொருவர் இருக்கக்கூடிய காட்டில் இது சிறிய விஷயமல்ல. ஆரஞ்சு உறை ஒன்றைத் தனியாக விலைக்கு விற்கிறார்கள். அது பையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். இரண்டு சக்கரக் கைவண்டி நல்ல பாதையில் முழு விலங்கையும் ஒரே நடையில் இழுத்துவரும். ஆனால் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகளுக்குள் இத்தகைய சக்கர வண்டிகள் நுழையக் கூடாது. எல்க் நல்ல பாதையில் விழுவதும் அபூர்வம். ஒட்டக இனத்தைச் சேர்ந்த சுமைவிலங்குகளான லாமாக்களை வாடகைக்கு விடுகிறவர்கள் இங்கே உண்டு. ஒன்று 30 கிலோ அளவில் சுமக்கும், அவற்றைப் பழக்குவது குதிரையைவிட எளிது. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வேட்டையாடுகிறவர்கள், வேட்டை தொடங்கும் முன்பே உள்ளூரில் குதிரையில் கறி இறக்கித் தருபவர் ஒருவரிடம் பேசி வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் தகவல் கருவியில் அவர் எண்ணைப் பதிந்துகொள்வது எந்தப் பையையும்விட நல்ல ஏற்பாடு. வழிகாட்டிச் சேவைகள் கொலராடோவில் மாநிலப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பேசும்போதே பதிவு எண்ணைக் கேட்டுக்கொள்ளலாம். பழைய வகை அலுமினியச் சட்டகம் இதன் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும், கறியை நன்றாகவே சுமக்கும். வண்டியில் வைத்திருந்து இரண்டாவது நடைக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு அதுவே போதும். முதல் நடையையும் அதே பையிலேயே இறக்க விரும்புகிற தனி ஆளுக்குத்தான் இந்தப் பை.

இவ்வகைப் பைகள் பொதுவாக 500 டாலரிலிருந்து 800 டாலர் வரை போகின்றன. வாங்கியதும் வீட்டில் இருக்கும் 20 பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டைகள் மூன்றை இடைவெளியில் கட்டிப் பாருங்கள். 27 கிலோ, ஏறத்தாழ ஒரு நடைக்கான சுமை. வீட்டுப் படிகளிலும், பக்கத்து மேட்டிலும் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிப் பாருங்கள். இடுப்புப் பட்டை நழுவினாலோ, இடுப்பெலும்பின் மேல் சிவந்த தடம் விழுந்தாலோ, திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் பட்டையின் அளவை மாற்றிக் கேளுங்கள். பை அளவைவிடப் பட்டை அளவில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம் தவறுகிறது. தனியாக மாற்றித் தரும் வசதி உள்ள நிறுவனமாகப் பார்த்து வாங்குவது அதனால்தான் அவசியம்.